கட்டிடத் தொழிலில் பயிலுநரின் வேலை நேரம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்திற் சமய விடயம் ஒன்றையே பேசுவோமென்று உங்களிற் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டதோ கல்லும் சீமெந்தும் சார்ந்த விடயம். ஆயினும், ஒரு வாலிபன் தன் நாளில் எத்தனை மணி நேரத்தைத் தொழிலுக்குக் கொடுப்பது, எத்தனையைத் தன் உடலுக்கும் பெற்றோருக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொள்வது என்ற கேள்வி சமயத்துக்குப் புறம்பானதன்று. பொறியியல் கற்கும் நாங்கள் பயிற்சிக்காகக் கட்டிட வேலைத்தலங்களுக்குச் செல்பவர்கள். பட்டம் பெற்றபின் அங்கேயே பிழைப்பைத் தேடவேண்டியவர்கள். ஆதலால் இதனைப் பேச எமக்கு உரிமையுண்டு என்று கருதுகிறோம்.

எட்டு மணி நேர வேலை என்னும் கொள்கைக்குக் கிடைத்த முதல் வெற்றிகளுட் சில கட்டிடத் தொழிலாளர் பெற்றவையே. நியூசிலாந்தில் 1840ஆம் ஆண்டு சாமுவேல் பார்னெல் என்ற தச்சர், நாளுக்கு எட்டு மணி நேரமானாற்றான் வேலையை ஏற்பேன் என்று சொல்லி அதனைப் பெற்றுக்கொண்டார். 1856ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள், மெல்போர்ண் சர்வகலாசாலைக் கட்டிடத்தில் வேலைசெய்த கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுப் பாராளுமன்றக் கட்டிடம் நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். சம்பளம் குறையாமலே எட்டு மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. 1919இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 48 மணி என்ற எல்லையை வகுத்தபோது கட்டிட வேலையும் அதனுள் அடங்கியது. எமது நாட்டிலும் கடை, காரியாலய ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்று விதித்தது. எட்டு மணிக்கு வழிகாட்டிய தொழிலிலேயே இன்று இளைஞரின் நேரத்துக்குக் கணக்கில்லாதிருப்பது விந்தையிலும் விந்தை.

கட்டிட வேலையின் இயல்பை நாம் மறந்து பேசலாகாது. காரியாலயத்திற் கோவையை மூடிவைத்துவிட்டு மறுநாள் திறக்கலாம். கொங்கிறீற் அப்படிப்பட்டதன்று. நீர் சேர்ந்த சீமெந்து சில மணி நேரத்துள் இறுகத் தொடங்கிவிடும். தளம் ஒன்றைப் பாதியில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் மூட்டு விழும். பின்னர் அவ்வழியே நீர் கசியும். வெயிலின் கொடுமைக்குத் தப்பி இரவிற் கொட்டவேண்டிய வேலைகளும் உண்டு. ஆகவே, மணி ஐந்தானதும் வீட்டுக்குப் போவோம் என்று அடம்பிடிப்பவன் இத்தொழிலுக்கு உதவான். அதனை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் எல்லா நாட்களும் கொங்கிறீற் நாட்களா? எம்மவர் சிலர் பயிற்சி பெற்ற ஒரு வேலைத்தலத்தில், வருகைப் புத்தகத்திலே காலை 7 மணிக்குக் கையெழுத்திட இடமிருந்தது. புறப்படும் நேரத்தை எழுத இடமே இருக்கவில்லை. கொட்டும் வேலை எதுவுமில்லாத நாட்களிலும், பெரியவர் இன்னும் போகவில்லை என்ற காரணத்துக்காக இரவு 8 மணிவரை காத்திருந்தார்கள். அதன்பின் அறைக்குச் சென்று பயிற்சித் தினக்குறிப்பை எழுதவேண்டும். எங்கள் சகோதரிகளுக்கோ கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை வேறு.

இதற்குக் காரணம் எவருடைய கொடுமையுமன்று. கணக்கு முறையே காரணம். மேசன்மாரை நேரம் கடந்து நிறுத்தினால் மேலதிக நேரச் சம்பளம் எழுதவேண்டும். ஆதலாற் கொந்தராத்துக்காரர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். பயிலுநனுக்கு மாதப்படி மட்டுமே. அவனை எத்தனை மணிவரை நிறுத்தினாலும் செலவு ஏறுவதில்லை. விலையில்லாத பொருளைச் சிக்கனமாகச் செலவு செய்வார் யார்?

இவ்வழக்கம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு யப்பான் ஓர் எச்சரிக்கை. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான புதிய தேசிய விளையாட்டரங்கின் வேலையில் மேற்பார்வையாளனாக நின்ற 23 வயது இளைஞன் ஒருவன், தொழிலிற் சேர்ந்து ஓராண்டு நிறையுமுன், 2017 மார்ச்சில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அதற்கு முந்திய ஒரு மாதத்தில் அவன் செய்த மேலதிக வேலை ஏறத்தாழ 190 மணி. மிகையான வேலையே இதற்குக் காரணமென்று அதே ஆண்டு அந்நாட்டுத் தொழில் அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். 2018இல் நிறைவேறிய சட்டம் மேலதிக வேலைக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்ற பொது எல்லையை விதித்தது. விசேட உடன்பாடு இருந்தாலும் ஆண்டுக்கு 720 மணிக்கு மேற் போகலாகாது. கட்டிடத் தொழிலுக்கு ஐந்தாண்டு தவணை கொடுக்கப்பட்டு, 2024 ஏப்ரிலிலேயே அங்கு இவ்வெல்லை நடைமுறைக்கு வந்தது. எந்தத் தொழிலில் இளைஞன் மாண்டானோ அந்தத் தொழிலும் கடைசியாகத் திருந்தியவற்றுள் ஒன்றாயிற்று.

"நாங்களும் அப்படித்தான் பழகினோம்" என்று பெரியோர் சொல்லுவர். அவர்களுடைய உழைப்பை வணங்குகிறோம். எனினும், களைத்த கண் கம்பியின் இடைவெளியைச் சரிபாராது. களைத்த கால் சாரத்திலே தவறும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வேலைத்தலங்கள் பல முடங்கியபின், "வேலை கிடைப்பதே பெரிது, நேரத்தைக் கேட்கலாமா?" என்ற அச்சமும் எம்மிடையே புகுந்தது. அச்சத்தால் வாய்மூடியிருப்பவன் நேரத்தைப் பற்றி மட்டுமன்றி, தூணில் வெடிப்பைக் கண்டாலும் பேசமாட்டான். அப்படிப்பட்ட பொறியியலாளன் கட்டிய வீட்டில் யார் நம்பிக் குடியிருப்பது?

மிஷன் பாடசாலையிற் படித்த எங்களுக்கு விவிலியத்தின் ஓய்வுநாட் கட்டளை பழக்கமானது. அது வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி வேலையாளுக்கும் மாட்டுக்கும் ஓய்வை விதிக்கிறது. எங்கள் வீடுகளிலோ ஆயுத பூசையன்று கருவிகளைக் கழுவிப் பொட்டிட்டு வேலையினின்று ஒதுக்கி வைக்கிறோம். சாந்தகப்பைக்கும் தூக்குக்குண்டுக்கும் ஓய்வு கொடுத்த சமயம், அவற்றைப் பிடிக்கும் கைக்கு அதனை மறுத்திருக்குமா?

ஆகையால் நாங்கள் கேட்பவை சிலவே. வருகைப் புத்தகத்திற் புறப்படும் நேரமும் எழுதப்பட்டு, பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். கொங்கிறீற்றுக்காக இரவு நின்றவனுக்கு அதே கிழமையில் அரைநாள் ஓய்வு வேண்டும். பயிலுநர் மூவர் இருந்தால் முறைவைத்து ஒருவர் பிந்தி நிற்கட்டும், மூவரும் நிற்கவேண்டியதில்லை. கிழமையில் ஒருநாள் முழு ஓய்வு வேண்டும். அது எந்நாள் என்பது முன்கூட்டியே தெரியவேண்டும். கம்பிப் பட்டியல், அளவுக்கணக்கு, நாளாந்த அறிக்கை முதலியவற்றைக் கணினியில் வீட்டிலிருந்தும் செய்யலாம், அதற்கு இடங்கொடுக்கவேண்டும். கம்பி கட்டுவதையும் கொங்கிறீற் கொட்டுவதையும் நேரில் நின்றே பார்க்கவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

எங்கள் பக்கத்துக் கடமைகளும் உண்டு. ஏழு மணியென்றால் ஏழு மணிக்கே நிற்போம். கொட்டும் வேலை முடியாமல் தலத்தைவிட்டு அசையோம். வேலை நேரத்திற் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாலையில் நேரக்கணக்குக் கேட்கமாட்டோம்.

இச்சபையிலே கொந்தராத்துக்காரரும் பொறியியலாளரும் இருக்கிறீர்கள். நீங்கள் கொட்டிய கொங்கிறீற்றின் வலிமையை அறிய 28 நாட்கள் பொறுத்திருக்கிறீர்கள். காய்ந்துவிடாமல் நாள்தோறும் நீரும் ஊற்றுகிறீர்கள். உங்களிடம் பயிலவரும் பிள்ளைகளையும் அவ்வாறே பேணுங்கள். வருகைப் புத்தகத்தில் இன்னும் ஒரு கோடு கீறுவதற்கு நாளைக் காலையே போதும்.