தூக்க மாத்திரை



போதை என்றால் சாராயம், கஞ்சா என்றுதான் நினைக்கிறோம். மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையும் ஆளைப் பிடித்துக்கொள்ளும். இந்தியா முழுவதும் நடந்த ஒரு கணக்கெடுப்பின் விவரம் 2019-இல் வெளிவந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை அதை நடத்தியது. டாக்டர் சொல்லாமலே தூக்க மாத்திரை போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்கள் சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர் என்று அதில் இருக்கிறது.

இவ்வளவு பேர் எப்படி மாட்டிக்கொண்டார்கள்? ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்து ஒரு மாதம். இரவில் தூக்கம் இல்லை. டாக்டர் அல்பிரசோலம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பத்து நாளைக்கு மட்டும்தான். நல்ல தூக்கம் வந்தது.

பத்து நாள் முடிந்தது. அம்மா அதே சீட்டை மறுபடியும் கடையில் காட்டினார். அப்புறம் சீட்டும் தேவைப்படவில்லை. காலி அட்டையைக் காட்டினாலே போதும். கடைக்காரருக்குத் தெரிந்த முகம். இல்லை என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.

ஆறு மாதம் போனது. ஒரு மாத்திரையில் வந்த தூக்கத்துக்கு இப்போது மூன்று வேண்டும். பகலில் தள்ளாட்டம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். ஒரு நாள் குளிக்கும் இடத்தில் விழுந்தார். வயதானவர்களுக்கு இப்படி விழுந்துதான் இடுப்பு எலும்பு முறிகிறது.

மகனுக்கு விஷயம் தெரிந்தது. கோபத்தில் மாத்திரையை எல்லாம் சாக்கடையில் கொட்டினான். "இனிமேல் இதைத் தொடாதேம்மா" என்றான். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுதான் பெரிய ஆபத்தாகப் போனது.

இரண்டு நாளில் அம்மாவுக்குக் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. படபடப்பு. மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. பேய் பிடித்துவிட்டது, வேப்பிலை அடியுங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்லவேளை, மகன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். இந்த வலிப்பில் உயிரே போகலாம்.

ஏன் இப்படி ஆகிறது? இந்த மாத்திரை மூளையின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. தினமும் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். முரட்டு மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறோம். சட்டென்று விட்டால் என்ன ஆகும்? தறிகெட்டு ஓடும். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும்.

டாக்டர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அந்த அம்மாவுக்கு முதலில் மாத்திரையை நிறுத்தவில்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் டயசெபாம் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். நடுக்கம் கூடினால் அதே அளவில் நிறுத்திவைத்தார்கள். மாத்திரையை மகன் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுத்தான். இப்படிப் பல மாதம் ஆகும். அவசரப்படக் கூடாது.

மாத்திரையைக் குறைத்தால் மட்டும் போதுமா? தூக்கம் ஏன் போனது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? கணவரைப் பற்றி மனம்விட்டுப் பேச அந்த அம்மாவுக்கு அதுவரை யாரும் இல்லை. ஆலோசகர் உட்கார்ந்து கேட்டார். மாலைக்கு மேல் டீ வேண்டாம், பகல் தூக்கம் வேண்டாம், தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள் என்று சொன்னார்.

இன்னொன்று. தூக்க மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

வலி மாத்திரையிலும் இப்படி ஒன்று உண்டு. பெயர் டிரமடால். மூட்டை தூக்குகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் உடம்பு வலிக்கு வாங்கிச் சாப்பிட்டுப் பழகிவிடுகிறார்கள். 2018-இல் அரசு இதைப் போதைப்பொருள் சட்டத்தில் சேர்த்தது. இதற்குச் சிகிச்சை வேறு. நாக்குக்கு அடியில் வைக்கும் ஒரு மாத்திரை உண்டு. பஞ்சாபில் 2017 முதல் அரசு மையங்களில் அதைக் கொடுக்கிறார்கள்.

உடம்பு இளைக்க மாத்திரை தேடுகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பசியை அடக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தால் மாரடைப்பு ஆபத்து என்று 2011-இல் இந்தியாவில் அதைத் தடை செய்தார்கள்.

நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் பாருங்கள். சிவப்பில் ஆர்.எக்ஸ். அல்லது என்.ஆர்.எக்ஸ். என்று ஆங்கில எழுத்து இருக்கிறதா? இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அல்பிரசோலம், டிரமடால் போன்றவற்றை யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும். 2014 முதல் இதுதான் சட்டம்.

வீட்டில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் திட்ட வேண்டாம். மாத்திரையைப் பிடுங்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 14446 போதை மீட்பு உதவி எண். 14416 மனநல உதவி எண். இரண்டுக்கும் காசு கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலி அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதமாக, நாளைக்கு எத்தனை மாத்திரை என்று ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.