எடையும் கறியும்: நாட்டுக்கோழி வளர்ப்பு முறைகள்



2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் புறக்கடைப் பறவைகள் ஏறத்தாழ 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது 45 விழுக்காட்டுக்கும் மேலான உயர்வு. இதற்கிடையே, பஞ்சாரத்தில் அடைந்த சிறுவிடை, பெருவிடை நாட்டுக்கோழிகள் இன்று, தரையில் கூளம் பரப்பிய ஆழ்கூளக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. இந்த மாற்றத்தால் பெறுவது என்ன, இழப்பது என்ன என்று ஆராயவே இங்கே கூடியிருக்கிறோம்.

கறிக்கோழி சுமார் 40 நாளில் 2 கிலோ எடையைத் தொடுகிறது. நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ ஆவதற்கே நான்கைந்து மாதங்கள் ஆகும். கொட்டகையில் அடைத்துச் செறிவான தீவனம் கொடுத்தால் எடை விரைந்து ஏறும். அலைந்து செலவழிக்கும் ஆற்றலும் உடம்பில் சேரும். கீரிக்கும் பருந்துக்கும் பறிகொடுப்பது குறையும். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியைத் தவறாமல் போடலாம். இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் கூளம் ஈரமானால் அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும், இரத்தக்கழிச்சல் தலைதூக்கும். நெருக்கத்தில் நாட்டுக்கோழிகள் ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்கும். சண்டைக் குணம் மிகுந்த அசீல் இனத்தில் இது இன்னும் கடுமை. அடைத்து வளர்த்த கோழியில் பொதுவாக வயிற்றுக் கொழுப்பும் கூடும்.

மேய்ந்து திரியும் கோழிக்கு எடை குறைவு, ஆனால் தொடைத்தசை உறுதியானது. பசும்புல்லிலும் கீரையிலும் உள்ள நிறமிகள் தோலுக்கு மஞ்சள் நிறம் தருகின்றன. வயது கூடக் கூட, தசையிலுள்ள கொலாஜன் இழைகள் தமக்குள் பிணைந்து இறுகுகின்றன. நாட்டுக்கோழிக் கறி மென்று தின்னும் பதத்தில் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆய்வாளர்கள் இங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரே வயதில் ஒப்பிட்டால் கொட்டகைக் கோழி எடையில் முந்தும். ஒரே எடையில் ஒப்பிட்டாலோ மேய்ச்சல் கோழிக்கு வயது கூடியிருக்கும். அப்போது கறியில் தெரியும் வேறுபாடு வளர்ப்பு முறையால் வந்ததா, வயதால் வந்ததா? இதைப் பிரித்தறியாமல் ஒரு முறையை உயர்த்திப் பேசுவது அறிவியல் ஆகாது.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ஏறத்தாழ 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் கேட்கும் குஞ்சுக்குக் கொட்டகைதான் பாதுகாப்பு. தடுப்பூசிகள் முடிந்து இறகு முளைத்த பிறகு, வேலியிட்ட மேய்ச்சல் நிலமும் இரவில் அடையக் கொட்டிலும் வேண்டும். இந்த இடைவழியே நம் சிறு பண்ணையாளருக்கு ஏற்றது.

எனவே உங்கள் ஆய்வுகளில் உயிர் எடையோடு நிற்காதீர்கள். கொழுப்பு, கறியின் இறுக்கம், நீர் பிடிக்கும் திறன், உண்போர் சொல்லும் சுவை ஆகிய அனைத்தையும் ஒருசேர அளந்து, விற்கும் வயதையும் குறிப்பிடுங்கள். செலவுக் கணக்கையும் சேர்த்து, முடிவுகளைப் பண்ணையாளருக்குப் புரியும் தமிழில் கொடுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.