விமர்சனம் யார் கையில்?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு)



தமிழ்த் திறனாய்வின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாக வ.வே.சு. ஐயரின் கம்பராமாயண ஆய்வைச் சொல்வார்கள். பிறகு க.நா.சு., 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', கைலாசபதி என்று வரிசை போகும். நாம் இன்று நினைவுகூரும் பண்டிதருக்கு அந்த வரிசையில் நெடுங்காலம் இடமில்லை.

1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய பண்டிதர், 1914இல் மறையும்வரை குறளையும் ஆத்திசூடியையும் பௌத்த நோக்கில் வாசித்துப் பொருள் சொன்னார். தம் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த குறள் ஏடுதான் எல்லிஸ் துரைக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் எழுதினார். ஏட்டைக் காத்தவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லவும் உரிமை உண்டு என்பதே நமக்கு இதிலுள்ள செய்தி. அவர் எழுத்துகளில் சிலவற்றைக் கோலார் தங்கவயல் பௌத்தர்கள் சிறு நூல்களாக அச்சிட்டுக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் 1999இல் வந்த பிறகே அறிவுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ராஜ் கௌதமன் போன்றோர் அவரை விரிவாக ஆராய்ந்தார்கள்.

ஆகவே விமர்சனம் நூலுக்கு மதிப்பெண் போடும் வேலை மட்டுமல்ல. எது இலக்கியம், எது நல்ல தமிழ், யாருடைய வாசிப்பு செல்லும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, இது நாவலா தன்வரலாறா, இந்தப் பேச்சுமொழி இலக்கியமாகுமா என்று கேட்டவர்கள் அந்த அதிகாரத்தில் நின்றே கேட்டார்கள். நாம் பதில் சொன்னோம். சொல்லித்தான் தலித் அழகியல் என்ற பேச்சே வளர்ந்தது.

ஆனால் அந்த அதிகாரம் நம் கைக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. பறையர் தெருவுக்குத் துணி வெளுத்து, வீடுவீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. தலித் தரப்பிலிருந்தே கண்டனம் எழுந்தது. இது நம் ஒற்றுமையைக் குலைக்கும் என்பது அதில் ஒரு வாதம். நாவலில் வரும் ஆரோக்கியத்தின் பசி நம் ஒற்றுமையைவிடச் சிறியதா? அவளுக்கு நாம் யார்? இந்தக் கேள்விகளை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான். பிறர் நம்மிடம் காட்டிய அதே முகச்சுளிப்பை நாமும் காட்டினோம்.

இன்று நம் நூல்களுக்கு வெளியீட்டு விழா உண்டு, சால்வை உண்டு, வாழ்த்துரை உண்டு. விமர்சனம்தான் அரிது. நம்மவர் நூலைக் குறை சொன்னால் எதிரிக்கு உதவியாகிவிடும் என்ற அச்சம் நம் எழுத்தை வளர்க்காது. வெளியே நிற்பவரிடம் கேட்கும் கேள்விகளை நம் நூல்களிடமும் கேட்போம். இதில் யார் பேசுகிறார்கள்? யார் வாய் திறக்கவே இல்லை? நம் வீட்டுப் பெண்கள் எங்கே? நமக்கும் கீழே நாம் யாரை வைத்திருக்கிறோம்?

பண்டிதர் பழைய நூல்களைக் கண்ணை மூடிக்கொண்டு வணங்கவில்லை. கேள்வி கேட்டு வாசித்தார். அவருக்கு மாலை போடுவதோடு நாம் நின்றுவிட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் நம்முள் ஒருவரின் நூலை நடுவில் வைத்து, அவரையும் உடன் உட்காரவைத்து வாசிப்போம்.

ஜெய் பீம்.