கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுவோம்



ஆஸ்பத்திரியில "மருந்து ஆராய்ச்சி நடக்குது, சேர்றீங்களா?" என்று கேட்டால் நம்மில் சில பேர் பயந்து ஓடுகிறார்கள். சில பேர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். ரெண்டும் வேண்டாம்.

கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்தினால் கருவிழியில் பூஞ்சைப் புண் வரலாம், பார்வையே போகலாம். இதற்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று 2010, 2011-ல் மதுரை உட்பட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகளில் 323 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். புது மருந்தான வோரிகோனசோலை விட, பழைய நாட்டமைசின்தான் நல்ல பலன் தந்தது. அவங்க சேர்ந்ததால்தான் நமக்கு இது தெரிந்தது.

சேர்வதும் சேராததும் நம் இஷ்டம். நடுவிலும் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. படிக்கத் தெரியாதவங்களுக்கு விளக்கிச் சொல்லும்போது சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தர் கூட இருக்கணும். ஆராய்ச்சியால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. இதெல்லாம் 2019-ம் வருட விதியில் இருக்கிறது.

லோன் பேப்பரில் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று கேட்கிறோமே! அதே மாதிரி என்ன மருந்து, என்ன பக்கவிளைவு, எத்தனை தடவை வரணும், பஸ் செலவு யார் தருவாங்க என்று கேட்போம். அப்புறம் கையெழுத்துப் போடுவோம்.