பன்னீராண்டு வற்கடம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



பழஞ்சமயக் கதைகளுக்குப் பின்னால் வெள்ளமோ கடல்கோளோ பஞ்சமோ மெய்யாக நிகழ்ந்ததா என்று தேடும் ஆர்வம் இக்காலத்தில் மிகுந்துள்ளது. சுருதகேவலி பத்திரபாகு முனிவர் முன்னறிந்து உரைத்த பன்னீராண்டு வற்கடம் உண்மையா என்று நம் இளைஞர்களும் வினவுகின்றனர். அவ்வினாவைக் கடிந்து ஒதுக்குதல் தகாது. வாய்மையை விரதமாகக் கொண்ட நாம் அதற்கு நேர்நின்று விடை கூறவேண்டும்.

முதலில் பிறநாட்டுச் செய்தி ஒன்று. இராக் நாட்டில் ‘ஊர்’ என்னும் தொல்நகரை அகழ்ந்த லியனார்டு ஊல்லி, தடித்த வண்டல் படிவு ஒன்றைக் கண்டு, விவிலியம் கூறும் பெருவெள்ளத்தின் சுவடு இதுவே என 1929-இல் அறிவித்தார். கிஷ், சுருப்பக் முதலிய நகரங்களிலும் வெள்ளப் படிவுகள் காணப்பட்டன. ஆயின் அவை வெவ்வேறு காலத்தனவாக இருந்தன. யூப்ரடீசும் டைகிரிசும் பலமுறை கரை கடந்துள்ளன என்பதே தெளிவாயிற்று. பேரிடரின் சுவடு கிடைத்தல் வேறு. கதை கூறும் பேரிடர் அதுவே என நிறுவுதல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நம் மரபுக்கு வருவோம்.

சிரவணபெளகொளவில் சந்திரகிரி மலைமீது கி.பி. 600 அளவில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று உள்ளது. பன்னீராண்டுத் துன்பக் காலம் வரும் என உஜ்ஜயினியில் பத்திரபாகு நிமித்தத்தால் அறிந்து கூறியதையும், சங்கத்தார் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டதையும் அது தெரிவிக்கிறது. அரிசேனரின் ‘பிருகத்கதாகோசம்’ கி.பி. 931-இல் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறது. நிகழ்ச்சிக்கும் கல்வெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழிந்துள்ளன. ஆதலின் கண்டார் எழுதிய சான்றாக அதனைக் கொள்ள இயலாது.

எனினும் மற்றொரு சான்று உண்டு. சுவேதாம்பர மரபின்படி அக்காலத்தில் பத்திரபாகு நேபாளத்தில் இருந்தார். பஞ்சம் நீங்கியபின் துறவியர் பாடலிபுத்திரத்தில் கூடி, அவரவர் நினைவில் எஞ்சிய அங்க நூல்களைத் தொகுத்தனர். யார் எங்குச் சென்றார் என்பதில் இரு மரபும் முற்றிலும் மாறுபடுகின்றன. பஞ்சம் வந்தது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. மாறுபட்டு நிற்கும் இருவர் ஒத்துரைக்கும் செய்திக்குத் தனி வலிமை உண்டன்றோ?

‘பன்னிரண்டு’ என்னும் எண்ணைப் பற்றியும் சிந்திக்கவேண்டும். பாண்டிய நாட்டில் பன்னீராண்டு வற்கடம் சென்றதாக இறையனார் களவியல் உரை கூறுகிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாற்றிலும் பாண்டிய நாட்டில் பன்னீராண்டு மழை பொய்த்த செய்தி வருகிறது. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவரும் காலமும் ஏறக்குறைய அதுவே. நெடும்பஞ்சத்தைக் குறிக்கும் மரபுத்தொடராக அவ்வெண் வழங்கியிருத்தல் கூடும். சங்கம் சிதறப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டியதுமில்லை. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் ஈராண்டுக் காலத்திலேயே ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதென மதிப்பிடுவர்.

வெள்ளம் வண்டலை விட்டுச் செல்லும். பஞ்சம் எதனை விட்டுச் செல்லும்? குகைகளில் நீர் சொட்டி வளரும் சுண்ணாம்புப் படிவங்களை அறிவியலார் ஆராய்கின்றனர். அவற்றிலுள்ள ஆக்சிஜன் அணுவகைகளின் விகிதம் பண்டை மழையின் ஏற்றத்தாழ்வைக் காட்டும். மேகாலயாவின் மாம்லு குகைப் படிவம், ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்ததைக் காட்டிற்று. ஆயினும் இத்தகைய காலக்கணிப்பில் சில பத்தாண்டுகள் முன்பின்னாக அமைதல் உண்டு. பன்னிரண்டே ஆண்டு நீடித்த பஞ்சமொன்றை இதுவேயெனச் சுட்டுதல் மிக அரிது.

மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் இங்குச் சமண முனிவர்க்குக் கற்படுக்கைகள் அளிக்கப்பட்டதை உறுதிசெய்கின்றன. அம்முனிவர் மரபு தமிழகம் வந்த காரணத்தை அவை கூறவில்லை. கல் கூறாததைக் கல்லின் மேல் ஏற்றுதல் வாய்மைக்கு இழுக்கு.

இனிக் கதையின் உட்பொருளைக் காண்போம். நம் முனிவர் சமைப்பதில்லை, சேமிப்பதில்லை, இல்லறத்தார் இல்லத்தில் அமைந்த உணவையே ஏற்பர். இல்லறத்தாரின் குழந்தையே பசித்து அழும்போது முனிவர் எவ்வாறு கையேந்துவார்? ஏற்றால் அருளுக்கு இடர். ஏற்காவிடில் உடலுக்கு இறுதி. நெறியைத் தளர்த்தினால் விரதத்திற்குக் கேடு. நாடு நீங்கிச் சென்றமைக்கு இந்த அறச்சிக்கலே காரணமாகக் கதையில் நிற்கிறது. அக்காலத்தில் ஆகமங்கள் ஏட்டில் இல்லை, நினைவில் வாழ்ந்தன. முனிவர் ஒருவர் பசியால் மறைந்தபோது அவரோடு நூற்பகுதியும் மறைந்தது. பஞ்சம் நம்மிடமிருந்து கவர்ந்த பெருஞ்செல்வம் அது. பாடலிபுத்திரத்தில் கூடியோர் தேடியதும் அதனையே.

பெரியோர்களே, நால்வகைத் தானங்களுள் ஆகார தானமும் சாஸ்திர தானமும் அருகருகே வைத்து எண்ணப்படுவதன் அருமை இங்குப் புலனாகிறது. உங்கள் இல்லப் பரண்களில் ஓலைச்சுவடிகள் இருப்பின், செல்லரிக்குமுன் படியெடுக்கவும் ஒளிப்படமாக்கவும் அளித்து உதவுங்கள். தாது வருடப் பஞ்சத்தில் தம் குடும்பமும் ஊர் ஜினாலயமும் எவ்வாறு பிழைத்தன என்பதைத் தம் முன்னோர்வழிக் கேட்டறிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்கள் கூறுவதை ஆண்டும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். கேட்டதைக் கேட்டதென்றும், கண்டதைக் கண்டதென்றும் பிரித்தெழுதுங்கள். பின்வரும் தலைமுறை நம்மிடம் சான்று கேட்கும்போது அவை துணைநிற்கும்.

 அறம் வாழ்க!