முகாமுக்கு நம்ம பெண்ணும் போகட்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இப்போது பேசப் போவது வரவு செலவு நோட்டில் வராத ஒரு விஷயம்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் ஒரு தாள் கொண்டு வருகிறார்கள். மாணவர்களை இரண்டு நாள் இயற்கை முகாமுக்குக் கோடியக்கரை அழைத்துப் போகிறோம், பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பையன் கொண்டு வந்தால் அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பெண் கொண்டு வந்தால் அந்தத் தாள் பீரோவுக்கு மேலே போகிறது. அப்பா வரட்டும், மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்போம், பாட்டி என்ன சொல்லுமோ என்று நாள் ஓடுகிறது. கடைசித் தேதியும் தாண்டிவிடுகிறது. வேண்டாம் என்று வாயால் யாரும் சொல்லவில்லை. ஆனால் வேன் கிளம்பும்போது அதில் நம்ம பெண் இல்லை.

இதைப் பஞ்சாயத்து அளவிலான கூட்டங்களில் பேசிப் பார்த்தோம். இரவு தங்கணுமே, வயசுக்கு வந்த பிள்ளையாச்சே, கடல் பக்கம், காட்டுப் பக்கம், பூச்சி பொட்டு இருக்குமே என்றார்கள். இந்தப் பயமெல்லாம் நியாயமானதுதான், அதற்குப் பிறகு வருகிறோம். ஒரு சகோதரி மட்டும், "ஊர் சுற்றத்தானே கூப்பிடுறாங்க, அதுல என்ன படிப்பு இருக்கு?" என்று கேட்டார். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஊர் சுற்றுவதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வீடியோ கோச்சில் ஏற்றி, தண்ணீர் விளையாட்டு பார்க்கில் இறக்கிவிட்டு, அதற்குக் 'கல்விச் சுற்றுலா' என்று பெயர் வைத்துப் பணம் வசூலிக்கிற பள்ளிகள் இருக்கின்றன. அதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லி நாங்கள் வாதாட வரவில்லை. நாங்கள் சொல்கிற முகாம் வேறு. பிள்ளைகள் வெட்டவெளியில் நின்று பார்த்து, தொட்டு, அளந்து, எண்ணி, நோட்டில் எழுதுகிற முகாம் அது. 2001-ல் தொடங்கிய தேசிய பசுமைப் படை பல பள்ளிகளில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் இருக்கிறது. சாரணர், சாரணியர் முகாம் இருக்கிறது.

நம்ம கோடியக்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. நமக்கு அது தை அமாவாசைக்குக் குளிக்கப் போகிற இடம், அவ்வளவுதான். அங்கே வெளிமான் கூட்டம் இருக்கிறது, கிடாவுக்கு மட்டும் முறுக்குக் கொம்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்து சதுப்பு நிரம்பியதும் பூநாரைகள் வந்து நிற்கும். அதன் சிவப்பு நிறம் சாப்பாட்டிலிருந்து வருவது. உப்புத் தண்ணீரில் வாழும் சின்ன இறாலையும் பாசியையும் தின்னத் தின்னத்தான் இறகு சிவக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அது சாம்பல் நிறம்தான்.

உள்ளான் என்று ஒரு சின்னப் பறவை சேற்றில் ஓடி ஓடிப் பொறுக்கும். அதில் ஒரு வகை, கோழிமுட்டை எடைகூட இருக்காது. வட துருவத்துப் பக்கம் பனி உருகும் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்ம கரைக்கு வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுகிறார்கள். அதே பறவை வேறு நாட்டில் அகப்பட்டால், அந்த எண்ணை வைத்து எங்கிருந்து போனது என்று தெரிந்துகொள்ளலாம். நம்ம கால்நடைக் கடனில் மாட்டுக்குக் காது வில்லை போடுகிறோமே, அதுபோலத்தான்.

உப்பு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இது பாடத்தில் ஒரு வரி. முகாமில் தட்டில் கடல் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்து, மிஞ்சியதைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். நம்ம குழுவில் வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு சகோதரியின் மகள் அந்த முகாமில் இருந்தாள். பாத்தி மாற்றிப் பாத்தி ஏன் தண்ணீர் விடுகிறார்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் எழுந்து சொன்னாள்: முதலில் ஜிப்சம் படியும், பிறகு தண்ணீர் கனத்து 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கும், கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடணும், இல்லாவிட்டால் உப்பே கசக்கும் என்று. அந்தக் கசப்பு மக்னீசியத்தால் வருவது என்று ஆசிரியர் விளக்கினார். எப்போது வடிக்கணும் என்பதை அவளுக்கு விளக்கியது அவள் அம்மா. அந்த அம்மா இன்று இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. (கைத்தட்டல்)

இரவில் தங்கினால்தான் தெரிகிற விஷயங்களும் இருக்கின்றன. தை, மாசியில் பங்குனி ஆமை கரையேறுகிறது. பின்காலால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டு விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். சென்னைக் கடற்கரையில் 1988-லிருந்து மாணவர்களே அமைப்பு வைத்து, இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது என்பது தெரியுமா? சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இதைச் சொன்னதும் ஒரு பாட்டி, "நமக்கும் இப்படி இருந்திருந்தா மாமியார்கிட்ட வாங்கின பேச்சு மிச்சம்" என்றார். நம்ம விஷயத்திலும் ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்ததே தவிர தாயைப் பொறுத்ததில்லை. இதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

வானம் பார்ப்பதும் இரவில்தான். துருவ நட்சத்திரத்தை நம்ம பக்கத்தில் சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வடக்குப் பார்த்து நின்று, கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தது போலப் பிடித்தால், அந்த முஷ்டி உயரத்தில் மங்கலாக ஒன்று தெரியும். ஒரு முஷ்டி என்றால் சுமார் பத்து டிகிரி. நாம் பூமியின் நடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி வடக்கே இருப்பதால்தான் அது அந்த உயரத்தில் நிற்கிறது. திசை தெரியாமல் தவிக்கிற கடலோடிக்கு இது உயிர்க் கணக்கு. கரண்ட் போன இரவில் மொட்டை மாடியில் நீங்களும் செய்து பாருங்கள்.

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா என்று கேட்பீர்கள். எல்லாம் வராது. ஆனால் உயிரைக் காப்பாற்றும்.

2004 டிசம்பர் 26-ஐ நம்ம மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி பெற்றோருடன் இருந்தாள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு, திரும்பிப் போகாமல் மேலே மேலே ஏறி வருவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் புவியியல் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. அலை வரப் போகிறது என்று கத்தினாள். பெரியவர்கள் காது கொடுத்தார்கள், கடற்கரையைக் காலி செய்தார்கள். சுமார் நூறு பேர் தப்பினார்கள்.

இந்தோனேசியாவில் சிமுலு என்று ஒரு தீவு. பூகம்பம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே 1907-ல் ஒரு சுனாமி வந்திருந்தது. நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், நின்று பார்க்காமல் மேட்டுக்கு ஓடு என்று அன்றிலிருந்து பாட்டிமார்கள் பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். 2004-ல் அந்தத் தீவில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இறந்தது ஏழு பேர். ஒரு இடத்தில் பள்ளிக்கூடப் பாடம் காப்பாற்றியது, இன்னொரு இடத்தில் பாட்டியின் பாட்டு காப்பாற்றியது. முகாமில் இந்த இரண்டும் பிள்ளைகளுக்குச் சேர்ந்து கிடைக்கிறது. கடலைப் பார்த்துப் பழகாத பிள்ளைக்கு, கடல் வித்தியாசமாக நடந்துகொள்கிறது என்பதே தெரியாது.

சரி, பூச்சி பொட்டுக்கு வருவோம். நம்ம வீட்டில் இல்லாத பாம்பா முகாமில் இருக்கப் போகிறது? கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. பல்பட்ட இடத்தில் வலிகூடத் தெரியாது. முகாமில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் அடையாளம் காணச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடித்தால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்டவரை நடக்க விடாமல் கை காலை அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை வீட்டில் ஒருத்தி இருந்தால் வீடே பாதுகாப்பாக இருக்கும். பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது, நம்மைப் போல ஏழை எளியவர்கள் கூடி நடத்துகிற சங்கம். அதன் உறுப்பினர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கே போய் விஷம் எடுப்பதைப் பார்க்கலாம்.

பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். லீவு நாளில் குளம், குட்டை, கல்குவாரிப் பள்ளம் என்று பிள்ளைகள் மூழ்கிப் போகிற செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. அதனால் முகாமுக்கு அனுப்பும் முன் கேள்வி கேளுங்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். தண்ணீரில் இறங்க விடுவார்களா, விட்டால் நீச்சல் தெரிந்த பெரியவர் யார், உயிர்காப்பு உடுப்பு உண்டா? பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர் இரவில் கூடத் தங்குகிறார்கள்? பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா? மாதவிலக்கு வந்துவிட்டால் நாப்கின் யாரிடம் கேட்கணும்? பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லத் தெரியாத முகாமுக்குப் பெண்ணை மட்டுமல்ல, பையனையும் அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு 1098 எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். தீட்டு என்று சொல்லிக் கடைசி நிமிஷத்தில் பெண்ணை நிறுத்துகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுவோம்.

பெண் பிள்ளைக்கு முகாம் எதற்கு என்ற பேச்சு நம்ம ஊரில் மட்டும் இருந்ததில்லை. சாரணர் இயக்கம் இங்கிலாந்தில் 1907-ல் ஒரு தீவில் இருபது பையன்களை வைத்து நடத்திய முகாமில் தொடங்கியது. 1909-ல் லண்டனில் பெரிய அணிவகுப்பு நடந்தபோது, கூப்பிடாமலேயே பெண் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து நின்று, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த வருஷமே சாரணியர் இயக்கம் பிறந்தது. 2023-ல் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர்.

செயற்குழு இரண்டு யோசனைகளை உங்கள் முன் வைக்கிறது. முகாம் தாள் வந்தால் பீரோ மேல் வைக்காமல் அந்த வாரக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கேள்விகளை எல்லோரும் சேர்ந்து எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் பள்ளிக்கு நேரில் போய்க் கேட்டு வரட்டும். தனியாக ஒரு அம்மா கேட்டால் ஒரு பதில் வருகிறது, குழுவாகப் போனால் வேறு பதில் வருகிறது, இது நமக்கு வங்கியிலேயே தெரிந்த விஷயம். அடுத்தது, டார்ச் லைட், செருப்பு, பஸ் செலவு என்று சில நூறு ரூபாய்க்காக ஒரு பெண் நின்றுவிடக் கூடாது. உள்கடனில் இதற்கு வட்டியில்லாமல் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு குழுவும் பேசி முடிவு செய்யட்டும். ஒத்துக்கொண்டால் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு நகல் கொண்டு வாருங்கள்.

முகாம் போய் வந்த பிள்ளைகள் நான்கு பேர் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் வரைந்த பறவைப் படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பாருங்கள், கேள்வி கேளுங்கள். தலைவி அக்கா, அடுத்த பொருளுக்குப் போகலாம்.