எலி அல்ல, டன்னார்ட்



தொல்காப்பிய மரபியலைக் கற்பிக்கும்போது மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “குட்டி என்றாலும் பறழ் என்றாலும் அந்த உயிருக்கு என்ன வந்துவிடப் போகிறது, சேர்?” அதற்கு விடையாக அவுஸ்திரேலியாவின் சின்னஞ்சிறு பிராணி ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கொழுத்தவால் டன்னார்ட் என்பது அதன் பெயர். அந்நாட்டின் தென்பாகத்து வறண்ட புல்வெளிகளிலும் ஐதான மரக்காடுகளிலும் வாழ்வது. நிறை 10 முதல் 20 கிராம் வரைதான். பகலில் கல்லின் அடியிலோ நிலவெடிப்பிலோ ஒடுங்கிக் கிடந்து, இரவில் பூச்சி பிடித்து உண்ணும். நல்ல காலத்தில் வாலிலே கொழுப்பைச் சேமித்து வைக்கும். உணவு அருகினால் உடற்சூட்டைத் தணித்து மரத்துக் கிடக்கும். பின்னர் வெயில் காய்ந்து உயிர்ப்புப் பெறும். சினைக்காலம் இரு வாரங்களுக்கும் குறைவு. அரிசிமணியிலும் சிறிய குட்டிகள் தாயின் வயிற்றுப்பைக்குள் முலைபற்றி வளர்கின்றன.

குடியேறிய ஐரோப்பியர் இதைப் ‘பையுள்ள சுண்டெலி’ என்றார்கள். எலிக்குப் பையுமில்லை, எலியின் கொறிக்கும் பல் இதற்குமில்லை. டன்னார்ட் என்பதோ தென்மேற்கின் பூர்வீகக் குடிகளான நூங்கார் மக்களின் சொல்.

பெயர் பொருந்தாமற் போனால் என்ன நேரும்? இதன் உறவினமான தைலசீன் தஸ்மேனியாவில் வாழ்ந்தது. அதன் முதுகு வரிகளைக் கண்டு புலி என்றார்கள். உருவத்தைக் கண்டு ஓநாய் என்றார்கள். ஆடுகள் இறந்தபோது பழிசுமத்த அப்பெயர்களும் துணைநின்றன என்றே நான் எண்ணுகிறேன். 1888 முதல் 1909 வரை அரசாங்கமே, கொல்லப்பட்ட வளர்ந்த தைலசீன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பவுண் வீதம் கொடுத்தது. கூண்டிலிருந்த கடைசி உயிர் 1936இல் ஹோபார்ட் மிருகக்காட்சிச்சாலையில் இறந்தது.

2022இல் மெல்பேர்ண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், அமெரிக்க நிறுவனமொன்றுடன் சேர்ந்து, தைலசீனை மீளப் படைக்கும் முயற்சியை அறிவித்தார்கள். அதற்கு அடிப்படையாகத் தெரிவுசெய்த உயிரணு எதனுடையது தெரியுமா? நாம் எலி என்று ஒதுக்கிய இந்த டன்னார்ட்டினுடையது!

ஆயினும் பூனையும் நரியும் டன்னார்ட்டைத் தின்கின்றன. புல்வெளிகள் உழப்படுகின்றன, அது ஒளியும் கற்களும் அகற்றப்படுகின்றன. இழந்ததை மீட்பதைவிட இருப்பதைக் காப்பது எளிதல்லவா?

நம் நூல்களில் இதனைப் ‘பையெலி’ என்று எழுதவேண்டாம். டன்னார்ட் என்றே எழுதுவோம். அதன் இளமைக்குப் பறழ் என்னும் நம் பழஞ்சொல்லை வழங்குவோம். ஓர் உயிரை அதற்குரிய பெயரால் அழைப்பது, அதனை உள்ளபடி காண்பதன் தொடக்கம்.